அக்கா, மசோதா வந்தாலே மாத்தணுமா? – பெங்களூர் வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயம்தான். கலிஃபோர்னியாவுல கஸ்டமர் டேட்டா பிரைவசி சட்டம்னு ஒண்ணு இருக்கே, சிசிபிஏன்னு சொல்வாங்க, அதைத் திருத்த மறுபடியும் மசோதா மேல மசோதாவா போடுறாங்களாம், நாங்க என்ன பண்றதுன்னு. அமெரிக்காக்காரன் சட்டத்துக்கு நமக்கென்னன்னு ஊர்ல இருக்கறவங்க கேப்பாங்க. சாயங்காலம் ஹோசூர் ரோட்டுல ஆபீஸ் கேபுக்கு நிக்கிற பிள்ளைங்கள கேட்டா தெரியும், அங்க ஒரு வரி மாறினா இங்க ஒரு ஷிஃப்ட்டே மாறுது. நானும் பதினாலு வருஷமா இந்த கம்ப்ளையன்ஸ், அதாவது கம்பெனி சட்டப்படி நடக்குதான்னு பாக்கற வேலையிலதான் குப்பை கொட்றேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா, எங்க கிளையண்ட் கலிஃபோர்னியாவுல துணி விக்கிற கம்பெனி. சிசிபிஏவுல புதுத் திருத்தம் வந்திருச்சு, திங்கக்கிழமைக்குள்ள வெப்சைட்ட மாத்துங்கன்னு மேனேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் போட்டுட்டாரு. லிங்க்க தொறந்தா அது வெறும் மசோதா. சேலம் டிக்கெட்ட கேன்சல் பண்ணவா? – ஒயிட்ஃபீல்ட் வாசகர்

கேன்சல் பண்ணாத தம்பி, ஊருக்குப் போய்ட்டு வா. மசோதா வேற, சட்டம் வேற. நம்பருக்கு முன்னாடி ஏபின்னு இருந்தா 80 பேர் இருக்கற அசெம்பிளியில ஆரம்பிச்சதுன்னு அர்த்தம், எஸ்பின்னா 40 பேர் இருக்கற செனட்ல. எங்க ஆரம்பிச்சாலும் ரெண்டு சபையிலயும் கமிட்டி கமிட்டியா ஏறி இறங்கணும், அதுல செலவு கணக்கு பாக்கற கமிட்டி ஒண்ணு இருக்கு, அவங்க கிட்ட சஸ்பென்ஸ் ஃபைல்னு ஒரு கட்டு உண்டு, பேருக்கேத்த மாதிரி அதுக்குள்ள போன மசோதா வெளிய வருமா வராதான்னு ஒரே நாள்ல சொல்லிட்டு போயிடுவாங்க, ஏன்னு விளக்கம்லாம் கிடையாது. எல்லாத்தையும் தாண்டினாலும் கவர்னர் கையெழுத்து போடணும். அதுக்கப்புறமும் சாதாரணமா அடுத்த ஜனவரி 1லதான் அமலுக்கு வரும்.

ஒரு கதை சொல்றேன், உன் மேனேஜர்கிட்டயும் சொல்லு. 2024ல ஏபி 3048னு ஒரு மசோதா. "என் டேட்டாவ விக்காதே"ன்னு ஒவ்வொரு சைட்லயா போய்ச் சொல்ல வேண்டாம், பிரவுசர்லயும் மொபைல் ஓஎஸ்லயும் (போன ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்) ஒரே ஒரு சுவிட்ச் வைங்க, அத தட்டினா எல்லா சைட்டுக்கும் தானா சிக்னல் போகட்டும், இதுதான் விஷயம். ரெண்டு சபையும் பாஸ் பண்ணிடுச்சு. செப்டம்பர்ல கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணிட்டாரு, ஓஎஸ் டிசைன்ல அரசாங்கம் கைவைக்கிறது சரியா இருக்காதுன்னு. அடுத்த வருஷமே அந்த மசோதாவ போட்ட அதே அசெம்பிளி மெம்பர் ஏபி 566னு திரும்பக் கொண்டு வந்தாரு, மொபைல் ஓஎஸ்ங்கறத தூக்கிட்டு வெறும் பிரவுசர் மட்டும். 2025 அக்டோபர்ல அதே கவர்னர் கையெழுத்து போட்டாரு. அமல் எப்போன்னா 2027 ஜனவரி 1. இப்ப நெனச்சுப் பாரு, 2024ல பாஸ் ஆனதுமே உங்க டீம் மொபைல் ஆப்ப பிரிச்சுப் போட்டு மாத்தியிருந்தா எத்தன வீக்கெண்டு போயிருக்கும்.

அதனால மசோதா வந்தா அதோட தலைப்ப பாக்காத, எந்த வார்த்தை புதுசா சேந்திருக்கு எது போயிருக்குன்னு பாரு. சட்டமன்ற வெப்சைட்லயே பழைய வெர்ஷன் புது வெர்ஷன் ரெண்டையும் ஒப்பிட்டுக் காட்ற வசதி இருக்கு. ஒரு எக்ஸெல் ஷீட்ல நம்பர், எந்த கமிட்டி, உங்க சிஸ்டத்துல எந்த இடம் அடிபடும், இந்த மூணு காலம் போட்டு மேனேஜருக்கு திங்கக்கிழமை அனுப்பு, அவரும் கிளையண்ட்கிட்ட ஃபார்வேர்ட் பண்ணிப்பாரு, எல்லாருக்கும் திருப்தி.

சட்டம்னு ஒண்ணு போட்டா பத்து இருபது வருஷம் நிக்க வேணாமா? இவங்க ஏன் வருஷா வருஷம் திருத்துறாங்க? – அல்சூர் வாசகர், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்

சார், கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி தைச்ச ஜாக்கெட் எப்படி இருக்கும், அப்படித்தான் இந்தச் சட்டம் பொறந்துச்சு. சான்ஃபிரான்சிஸ்கோவுல அலஸ்டர் மக்டாகர்ட்னு ஒரு ரியல் எஸ்டேட் காரர். சட்டமன்றம் பண்ணாட்டி என்ன, ஜனங்க ஓட்டுக்கே விடலாம்னு சொந்தக் காசு லட்சக்கணக்கான டாலர் போட்டு ஆறு லட்சத்துக்கும் மேல கையெழுத்து வாங்கிட்டாரு. அந்த ஊர்ல ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் வந்துட்டா அத சட்டமன்றம் லேசுல தொட முடியாது. கம்பெனிங்களுக்கும் மெம்பர்களுக்கும் வயித்துல புளிய கரைச்சது. உடனே பேரம், நாங்களே சட்டம் போடுறோம் நீங்க வாபஸ் வாங்குங்கன்னு. வாபஸ் வாங்க கடைசி நாள் 2018 ஜூன் 28. ஒரு வாரத்துல ஏபி 375ஐ எழுதி ரெண்டு சபையிலயும் ஓட்டி அதே ஜூன் 28ல கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்து. ஒரு வாரத்துல எழுதினா என்ன ஆகும், எங்க பாத்தாலும் இடுப்புல டைட்டு கையில லூசு. செப்டம்பர்லயே முதல் ஆல்ட்ரேஷன், எஸ்பி 1121.

2019 பூரா இதே வேலைதான். கம்பெனியில வேலை செய்யறவன் கஸ்டமர் மாதிரி ஹெச்ஆர்கிட்ட என் டேட்டாவ குடுன்னு கேக்கலாமான்னு ஒரு சண்டை, ஏபி 25 போட்டு ஒரு வருஷம் தள்ளி வச்சாங்க, தள்ளித் தள்ளி 2022 முடியறவரைக்கும் போச்சு, 2023 ஜனவரியில இருந்து அவங்களுக்கும் உரிமை வந்துடுச்சு. ஆன்லைன்ல மட்டுமே வியாபாரம் பண்றவன் கஸ்டமர் கேக்கறதுக்கு டோல்ஃப்ரீ நம்பர் வச்சே ஆகணுமா, ஈமெயில் போதாதான்னு இன்னொண்ணு, ஏபி 1564, ஈமெயில் போதும்னு முடிஞ்சது. படிக்கறப்ப சின்ன விஷயமாத்தான் தெரியும் சார், ஆனா டோல்ஃப்ரீன்னா ராத்திரி ஃபோன் எடுக்க ஒரு ஆளு இங்க வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீமே அதுக்குன்னு ரெடி பண்ணி, திருத்தம் வந்ததும் கலைச்சாங்க.

மக்டாகர்ட் சும்மா இருக்கல. திருத்தறேன் திருத்தறேன்னு சட்டத்த கரைச்சுடுவாங்கன்னு 2020 நவம்பர்ல புரோபோசிஷன் 24ன்னு ஓட்டுக்கே கொண்டு வந்துட்டாரு, 56 சதவீதம் பேர் ஆமான்னாங்க. அதுல ஒரு பூட்டு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சட்டமன்றம் சாதா மெஜாரிட்டியிலயே திருத்தலாம், ஆனா அந்தத் திருத்தம் சட்டத்தோட நோக்கத்துக்கு ஒத்துப்போகணும், அத வளக்கற மாதிரியும் இருக்கணும். ஜாக்கெட்ட எத்தன தடவ வேணா பிரிச்சுத் தைங்க, துணிய மட்டும் வெட்டாதீங்கன்னு சொல்லிட்டாங்க. இந்தச் சட்டத்துக்குன்னே அஞ்சு பேர் போர்டு வச்ச தனி ஏஜென்சியும் அப்ப வந்ததுதான்.

நான் நைட் ஷிஃப்ட்ல டேட்டா டெலீட் ரிக்வெஸ்ட் பாக்கறேன். ஒரு கஸ்டமர் "எல்லாத்தையும் அழி"ன்னா நெஜமாவே எல்லாத்தையும் அழிச்சிடணுமா? டீம்ல ஒருத்தர் பேக்கப்பையும் அழிங்கறாரு, இன்னொருத்தர் முதல்ல ஐடி ப்ரூஃப் வாங்குங்கறாரு. – எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி

நல்ல கேள்வி கண்ணு, திருத்தத்தப் பத்தி பேசறவங்க யாரும் இந்த இடத்துக்கு வர்றதே இல்ல, வேலை பூரா இங்கதான் இருக்கு.

முதல்ல ரிக்வெஸ்ட் எந்த ஜாதின்னு பிரி. "என் டேட்டாவ விக்காதே, விளம்பரக்காரனுக்கு குடுக்காதே"ங்கறது ஒரு வகை, அதுக்கு ஐடி ப்ரூஃபே கேக்கக் கூடாது, பேர் ஈமெயில் மாதிரி ஆளக் கண்டுபிடிக்க எது வேணுமோ அது போதும், 15 வொர்க்கிங் டேய்க்குள்ள நிறுத்திடணும். 2025 மார்ச்ல ஹோண்டாவுக்கு அந்த ஏஜென்சி 6,32,500 டாலர் ஃபைன் போட்டுச்சே, அதுல ஒரு குத்தம் இதுதான், விக்காதேன்னு சொல்ல வந்தவன்கிட்ட தேவையில்லாத விவரமெல்லாம் கேட்டது. உங்க டீம்ல ஐடி ப்ரூஃப்ங்கறவருக்கு இத பிரிண்ட் எடுத்துக் குடு.

"அழி"ங்கறது வேற வகை. இதுக்கு ஆள் சரியான ஆளான்னு பாத்தே ஆகணும், இல்லாட்டி விவாகரத்து கேஸ்ல இருக்கற புருஷன் பொண்டாட்டி அக்கவுண்ட்ட அழிச்சிட்டு போயிடுவான். வந்துச்சுன்னு 10 வொர்க்கிங் டேய்ல ஒரு பதில், 45 நாள்ல வேலைய முடிக்கணும், முடியலன்னா காரணம் சொல்லி இன்னொரு 45 நாள். ஆனா எல்லாத்தையும் இல்ல. வாங்கின பொருள் இன்னும் டெலிவரி ஆகலன்னா அந்த ஆர்டர், வாரண்டி, சட்டப்படி வச்சே ஆகவேண்டிய பில்லு, இதெல்லாம் இருக்கலாம். எத வச்சிருக்கோம் ஏன்னு கஸ்டமருக்கு சொல்லணும், அவ்வளவுதான். பேக்கப் இருக்கே, அத ஓடிப்போய் அழிக்க வேண்டாம், அது திரும்ப லைவ் சிஸ்டத்துக்கு வர்றவரைக்கும் இல்லாட்டி வியாபாரத்துக்காக அத தொறக்கறவரைக்கும் தள்ளி வைக்க ரூல்லயே எடம் இருக்கு. இன்னொரு கூத்து, அழிச்சேன்னு ஒரு ரெக்கார்ட 24 மாசம் வச்சிருக்கணும், அழிச்ச ஆள் மறுபடி லிஸ்ட்ல நுழையாம இருக்க அவர் ஈமெயில ஒரு தடுப்பு லிஸ்ட்ல வச்சுக்கவும் செய்யலாம். மறக்கறதுக்கும் ஞாபகம் வேணும்னு அந்த ரூல் எழுதினவனுக்கு தெரிஞ்சிருக்கு.

முக்கியமானது ஒண்ணு. நீ வேலை பாக்கறது அந்தக் கடைக்காரனோட சர்வீஸ் புரொவைடர்கிட்ட. முடிவு எடுக்கறது கடைக்காரன், அவன் சொன்னா நீங்க அழிக்கணும். சந்தேகமா இருந்தா நீயா முடிவெடுக்காத, டிக்கெட்ல எழுதி மேல அனுப்பிடு, நாளைக்கு கேள்வி வந்தா உன் தலையில விடியக் கூடாது பாரு.

விக்கறதே இல்லன்னு எல்லா கம்பெனியும் சொல்றாங்களே, அப்புறம் யாரத்தான் பிடிக்கறாங்க? – இந்திராநகர் வாசகர்

விக்கறதுன்னா காசு வாங்கறதுன்னு நாம நெனைக்கறோம். அந்தச் சட்டத்துல காசோ, வேற ஏதாவது பலனோ வாங்கிக்கிட்டு குடுத்தா அதுவும் விக்கறதுதான். 2022ல செஃபோராங்கற மேக்கப் கடை கம்பெனி மாட்டினது இந்த வார்த்தையிலதான். நாங்க விக்கலன்னு எழுதி வச்சிருந்தாங்க, ஆனா வர்றவங்க என்ன பாக்கறாங்கன்னு பின்தொடர்ற வேற கம்பெனிங்களோட டிராக்கர சைட்ல விட்டு அதுக்கு பதிலா அனலிடிக்ஸ், விளம்பர வசதி வாங்கிக்கிட்டாங்க. அட்டர்னி ஜெனரல், அதான் மாநிலத்தோட தலைமை அரசு வக்கீல், அது விற்பனைதான்னாரு, 12 லட்சம் டாலர் கட்டி முடிச்சாங்க. இப்ப "ஷேர்"னு ஒரு வார்த்தையும் தனியா சேத்துட்டாங்க, விளம்பரத்துக்காக குடுத்தா கைமாறு இருந்தாலும் இல்லாட்டியும் மாட்டும்.

கஸ்டமரே நேரா கேஸ் போடலாம்னு ஒரு திருத்தம் கொண்டு வந்தா எல்லாம் சரியாயிடாதா? – சிவாஜிநகர் வாசகி, சட்டக் கல்லூரி மாணவி

கொண்டு வந்தாங்கம்மா. 2019ல எஸ்பி 561, அப்ப அட்டர்னி ஜெனரலா இருந்த சேவியர் பெசரா ஆதரவோட. மே மாசம் அந்த சஸ்பென்ஸ் ஃபைல்லயே முடிஞ்சு போச்சு. இன்னிக்கும் கலிஃபோர்னியாவுல டேட்டா திருட்டுப் போனா மட்டும்தான் ஜனங்க கேஸ் போடலாம், ஆளுக்கு 100ல இருந்து 750 டாலர் (2025ல விலைவாசி கணக்கு பாத்து 107ல இருந்து 799ன்னு ஏத்திட்டாங்க). மத்ததெல்லாம் ஏஜென்சியோ அட்டர்னி ஜெனரலோ பாத்துக்கணும்.

எல்லாத்துக்கும் கேஸ் போடலாம்னா என்ன ஆகும்னு பாக்க இல்லினாய் போகணும். அங்க 2008லயே கைரேகை முகம் மாதிரி விஷயத்துக்கு தனிச் சட்டம், யார் வேணா கேஸ் போடலாம், ஒரு மீறலுக்கு 1,000 டாலர், வேணும்னே பண்ணினா 5,000. ஃபேஸ்புக் 65 கோடி டாலர் குடுத்து செட்டில் பண்ணினது இந்தச் சட்டத்துலதான். ஒயிட் காஸ்ல்னு பர்கர் கடை, வேலைக்காரங்க கம்ப்யூட்டர தொறக்க விரல் வைக்கணும். 2023ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் விரல் வச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு மீறல்னு சொல்லிடுச்சு, கம்பெனி கணக்கு போட்டா 1,700 கோடி டாலர் வரைக்கும் போகும்னு அலறினாங்க. 2024 ஆகஸ்ட்ல சட்டத்த திருத்தி ஒரு ஆளுக்கு ஒரு மீறல்னு குறைச்சாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, கேஸ் போடற உரிமை இருந்தாத்தான் கம்பெனிக்கு பயம் இருக்கும், அந்தப் பயத்த நான் கண்ணால பாத்திருக்கேன், இல்லினாய்னு சொன்னாலே எங்க மீட்டிங்ல லீகல் ஆளுங்க நிமிந்து உக்காருவாங்க. ஆனா எத ஒரு மீறல்னு எண்ணணும்னு மொதல்லயே எழுதணும். எழுதாம விட்டா கோர்ட் எழுதும், அப்புறம் அழுவாங்க.

ராஜாஜிநகர்ல இருந்து கலிஃபோர்னியாவுக்கு பட்டுச் சேலை கூரியர் பண்றேன், மாசம் பத்துப் பதினஞ்சு. எனக்கும் இந்தச் சட்டம் உண்டா?

இல்லீங்க. வருஷ வருமானம் 2.5 கோடி டாலருக்கு மேல (இப்ப 2,66,25,000ன்னு ஏத்தியிருக்காங்க), இல்லாட்டி ஒரு லட்சம் கலிஃபோர்னியா ஆளுங்களோட இல்ல வீடுகளோட டேட்டாவ வாங்கறதோ விக்கறதோ ஷேர் பண்றதோ, அதுவும் இல்லன்னா வருமானத்துல பாதி டேட்டா வித்து வர்றது, இதுல ஒண்ணாவது இருக்கணும். நீங்க அந்த உயரத்துக்கு வளரணும்னு வேண்டிக்கறேன். ஆனா கனெக்டிகட்ங்கற இன்னொரு அமெரிக்க மாநிலத்துல 2025ல அவங்க சட்டத்த திருத்தினப்ப ஒரு லட்சம்ங்கறத 35,000க்கு இறக்கிட்டாங்க, 2026 ஜூலையில இருந்து. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேற.

பையன் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல ஹெச்1பி வேலை விசாவுல இருக்கான். சிட்டிசன் இல்லையே, அவனுக்கு இந்த உரிமை உண்டா? நாங்க மூணு மாசம் அங்க போய் இருக்கப்போறோம், எங்களுக்கு? – காக்ஸ் டவுன் வாசகர்

பையனுக்கு உண்டு, சிட்டிசன்லாம் கேக்கல, அங்க வசிக்கறவரா இருந்தா போதும். உங்களுக்கு இல்ல, கொஞ்ச நாளைக்கு வந்து போறவங்க கணக்குல வரமாட்டாங்க. பையன்கிட்ட ட்ராப்னு ஒண்ணு இருக்கு பாக்கச் சொல்லுங்க, 2023ல டெலீட் ஆக்ட்னு போட்டதுல வந்தது, ஒரே இடத்துல ஒரே ரிக்வெஸ்ட், ஜனங்க டேட்டாவ சேத்து விக்கற, பதிவான டேட்டா புரோக்கர் எல்லாருக்கும் போயிடும். 2026 ஆகஸ்ட் 1ல இருந்து அவங்க 45 நாளுக்கு ஒருதடவை அந்த ரிக்வெஸ்ட் லிஸ்ட்ட எடுத்து அதுல இருக்கறவங்க டேட்டாவ அழிக்கணும்.

பில்லிங் கவுண்டர்ல நம்பர் குடுத்தாத்தான் பில்லு வருங்கறாங்க. அங்க இருக்கற மாதிரி என் நம்பர அழின்னு இங்க கேக்க முடியாதா அக்கா? – மல்லேஸ்வரம் வாசகி

அய்யோ இத கேக்காதீங்க, எனக்கே போன மாசம் நடந்தது. ஒரு மளிகைக் கடையில அரை கிலோ கடலைப் பருப்பு வாங்கப் போய், நம்பர் இல்லாம சிஸ்டம் பில்லு போடாது மேடம்னு அந்தப் பொண்ணு சொல்ல, பின்னாடி க்யூ, எல்லாரும் என்னைய முறைக்க, நான் பத்து ஒன்பது அடிம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பிரைவசி வேலை பாக்கறவ லட்சணம் இது.

2023 மே மாசமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியாச்சு, நம்பர் குடுக்கலன்னா பொருள் தரமாட்டேங்கறது நியாயமில்லாத வியாபாரம்னு. அத தைரியமா சொல்லுங்க. அழிக்கச் சொல்ற உரிமை 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு, ஆனா ரூல்ஸ் வந்தது 2025 நவம்பர்லதான், அதுலயும் கடைக்காரங்க மேல வர்ற முக்கியமான கடமைக்கெல்லாம் 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க, அதாவது 2027 மே ஆகும். ஃபைன் 250 கோடி ரூபா வரைக்கும் போகலாம், கேக்க நல்லா இருக்கு, ஆனா அது அரசாங்க கஜானாவுக்குப் போகும், நமக்கு ஒரு பைசா வராது. நஷ்ட ஈடு கேக்க ஐடி சட்டத்துல இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துடுது. எனக்கு இதுல மனசு ஆறல.

இன்னொண்ணு கேளுங்க, எலெக்ட்ரானிக் சிட்டி பொண்ணுக்கும் சேத்து சொல்றேன். வெளிநாட்டுக் கம்பெனியோட காண்ட்ராக்ட்ல வெளிநாட்டு ஆளுங்க டேட்டாவ இங்க வச்சு வேலை பண்ணினா, பாதுகாப்பா வைக்கற கடமை தவிர நம்ம சட்டத்தோட பெரும்பகுதி அதுக்குக் கிடையாது, 17வது பிரிவுல விலக்கு இருக்கு. ராத்திரி பூரா கலிஃபோர்னியாக்காரன் டேட்டாவ அவங்க ஊர் ரூல் படி நாள் கணக்கு பாத்து அழிக்கறா, காலையில வர்ற வழியில பால் வாங்க கடையில நம்பர் குடுக்கறா.

கலிஃபோர்னியா மாநிலம் தனியா போடும்போது கர்நாடகா ஏன் போடக் கூடாது? விதான சௌதாவுல யாரும் யோசிக்கலையா? – ஸ்ரீராமபுரம் வாசகர்

அமெரிக்காவுல நாடு முழுசுக்கும் ஒரே பிரைவசி சட்டம் இன்னும் இல்ல. 2022ல ஒண்ணு கமிட்டியில 53க்கு 2ன்னு ஜெயிச்சும் சபைக்கு வரல, மாநிலச் சட்டத்த அமுக்கிடும்னு கலிஃபோர்னியாக்காரங்க ஒத்துக்கல. அதனால மாநிலம் மாநிலமா எழுதறாங்க. இங்க மத்தியச் சட்டம் இருக்கு, முரண் வந்தா அதுதான் நிக்கும்னு அதுலயே எழுதியிருக்கு. ஆனா ஓரத்துல இடம் உண்டு, கர்நாடகா 2025ல கிக் தொழிலாளர் சட்டம் போட்டுச்சே, டெலிவரி பையனுக்கு எந்தக் கணக்குல வேலை குடுக்கறீங்க, ரேட்டிங் எப்படின்னு கம்பெனி சொல்லணும்னு அதுல இருக்கு. பிரைவசின்னு பேர் இல்லாம வந்த பிரைவசி.

பிரைவசி அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிங்க தீர்ப்பு சொன்ன கேஸ் போட்டதே நம்ம ஊர்க்காரர்தான், கர்நாடக ஹைகோர்ட்ல நீதிபதியா இருந்து ரிட்டயர் ஆன புட்டஸ்வாமி. கேஸ் போட்டப்ப அவருக்கு எண்பது வயசு தாண்டியாச்சு. விதான சௌதாவுக்கு எதிர்லதான் அந்த ஹைகோர்ட்.

கடைசியா ஒண்ணு அக்கா, 2027ல பிரவுசர் சுவிட்ச் வந்தா, சைட்ட தொறந்ததும் ஓகே சொல்லுன்னு வர்ற இந்த குக்கீ பேனர் தொல்லை ஒழியுமா? – பெல்லந்தூர் வாசகர்

ஒழியாது. பேனர் பெரும்பாலும் ஐரோப்பா சட்டத்தால வந்தது, அது வேற தலைவலி. சுவிட்ச் இப்பவே ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ்ல இருக்கு, குரோம்ல இல்லாததுனாலதான் இந்த மசோதாவே. நீ பெல்லந்தூர்ல உக்காந்து தட்டினாலும் சிக்னல் போகும், ஆனா மதிக்கணும்னு கலிஃபோர்னியா சட்டம் சொல்றது அந்த ஊர்க்காரன் சிக்னல மட்டும்தான். சில சைட்டுக்கு யார் எங்க இருக்கான்னு பிரிக்க சோம்பலா இருந்து எல்லாருக்கும் நிறுத்திடறாங்க. தட்டி வை, காசா பணமா.